சாமான் அறையில் ஒரு போன்

அத்தியாயம் 17

மாடியில் ஏதோ தடாலென்று விழுந்தது.

பழனாயி அப்போதுதான் சாமான் அறையிலிருந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கையிலிருந்த அரிசிக் கிண்ணம் குலுங்கி நாலைந்து மணி தரையில் சிதறியது. அதைப் பொறுக்கக்கூட நிற்காமல் மாடிப்படி ஏறினாள்.

ரித்தீஷின் அறையில் சுழல் நாற்காலி மல்லாந்து கிடந்தது. அவன் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான். கம்ப்யூட்டர் திரையில் துப்பாக்கி பிடித்த சிப்பாய் ஒருவன் சுவரைப் பார்த்து, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான். மேஜைமேல் கிடந்த ஹெட்போனுக்குள் யாரோ இங்கிலீஷில் திட்டுவது கொசு ரீங்காரம்போலக் கேட்டது.

“என்ன கண்ணு ஆச்சு?”

“ஒண்ணுமில்லீங்மா. நீங்க போங்க.”

சொல்லிவிட்டு ஒரு நோட்டை எடுத்து ‘8.40’ என்று எழுதினான். அந்தப் பக்கம் முழுக்க இப்படி நேரங்கள்தான். ஒவ்வொன்றும் இன்டர்நெட் திக்கிய நேரம். திரையில் சிப்பாய் ஒரு குலுக்கலோடு உயிர் பெற்றான். அடுத்த நொடியே யாரோ சுட்டுச் சரிந்தான்.

ஒண்ணுமில்லை. ஒன்றரை வருஷமாக இந்த வீட்டில் அதிகம் புழங்குகிற வார்த்தை அதுதான்.

வீட்டுக்குக் கீழேயே நடக்கிற அவர்களுடைய பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருந்த முகிலனை மகள் சுபஸ்ரீ பதிவுத் திருமணம் செய்துகொண்டு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டாள். அன்றைக்கு கணவர் கிட்டுசாமி ஒரே ஒரு சொல்தான் சொன்னார். அந்தப் பெயர் இனி இந்த வீட்டில் கேட்கக் கூடாது. கேட்கவில்லை. மகள் படித்து வாங்கிய கோப்பைகள் அலமாரியை விட்டுப் போயின. அவளுடைய கட்டிலில் சாம்பிள் பனியன் மூட்டைகள் ஏறின.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஹாலில் போன் அடித்தது. பழனாயி எடுத்தாள். மகள். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்க வாய் வருவதற்குள், “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நாலு மணிக்குக் கூப்பிடறேன், நீங்களே எடுங்கம்மா” என்றாள் சுபஸ்ரீ. பழனாயி தலையை ஆட்டினாள். போனில் தலையாட்டினால் எதிராளிக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தபோது கிட்டுசாமி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கே அந்தப் போனைக் கழற்றிப் பரணில் போட்டார். லைனை மட்டும் விட்டுவைத்தார், அடுத்த வாரமே அதில் ரித்தீஷுக்கு பிராட்பேண்ட் வந்தது.

சொந்தமாக ஒரு செல்கூட இல்லாத பழனாயி இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது வாரம் பரணில் ஏறிப் போனை எடுத்துவந்தாள். சாமான் அறை ஒரு காலத்தில் கம்பெனி ஆபீஸாக இருந்த இடம். அரிசி டிரம்முக்குப் பின்னால் சுவரில் பழைய போன் பிளக் ஒன்று இன்னும் இருந்தது. ஒயரைச் செருகினாள். ரிசீவரை எடுத்தாள். ‘ங்ங்ங்’ என்று அந்தச் சத்தம் வந்தது. அவளுக்கு அழுகையும் வந்தது. மணியின் ஓசையைக் குறைக்கிற விசையைக் கடைசிவரை குறைத்து, ஒரு கை பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி, டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் ஒளித்துவைத்தாள்.

அதற்குப் பிறகு பத்து மாதம். போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

இருந்தாலும் ஒரு நாளில் எட்டுப் பத்துத் தடவை அரிசி அளக்கிற சாக்கில் உள்ளே போவாள். ரிசீவரைக் காதில் வைத்து, சத்தம் வருகிறதா என்று பார்த்து, வைத்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை நாலிலிருந்து ஐந்து மணிவரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை. மூன்று பேர் சாப்பிடுகிற வீட்டில் இத்தனை அரிசி எதற்கு என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை.

*

கிட்டுசாமி சலவை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக இறங்கி வந்தார். பல்லடத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து அப்படியே ஒரு நூல் வியாபாரியைப் பார்த்துவிட்டு வர இருட்டிவிடும். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவர், மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏன்டா, ஞாயித்துக்கிழமை காலங்காத்தாலயே ஊட்ட இடிக்கறியா?”

ரித்தீஷ் இறங்கி வந்து தூணோரமாக நின்றான். இருபத்துமூன்று வயது. இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷம். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. கம்பெனிக்கு வா என்று அப்பா கூப்பிட்டார், அதற்கு இவன் போகவில்லை.

“லைன்ல பிரச்சனைங்க. திடீர் திடீர்னு நின்னு போகுது.”

“ஊரு உலகத்துல பசங்க கட்டிங் டேபிள்ல நின்னு கம்பெனி நடத்தறானுக. எம்பையன் கதவச் சாத்திட்டு துப்பாக்கி பிடிக்கறான். சரி, பிடிக்கறதத்தான் பிடிக்கறயே, சுடவாச்சும் செய்யறியா? அதுவும் பாதில நின்னு போகுது.”

பழனாயிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மகன் சிரிக்கவில்லை. இன்றைக்கு நாலு மணிக்கு ஒரு மேட்ச் இருப்பதையும், ஐந்து பேர் கொண்ட அவர்களுடைய டீம் ஜெயித்தால் மும்பையில் நடக்கிற போட்டிக்குப் போகலாம் என்பதையும் சொன்னான். அங்கே ஜெயிக்கிறவர்களைப் பெரிய கம்பெனி ஒன்று மாதச் சம்பளத்துக்கே எடுத்துக்கொள்கிறது என்றும் சொன்னான். போன இரண்டு ஞாயிறும் இவனுடைய நெட் திக்கியதால்தான் டீம் தோற்றது. இன்றும் திக்கினால் கேப்டன் வேறு ஆளைப் போட்டுக்கொள்வான். இதையெல்லாம் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், இட்லித் தட்டைப் பார்த்தே சொல்லி முடித்தான்.

கிட்டுசாமி கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். பிறகு சொன்னார்.

“சரி. இன்னிக்கு நாலு மணி. ஜெயிச்சீன்னா உன் இஷ்டம், நான் ஒரு வார்த்தை பேசல. தோத்துப்போனா நாளைக்கு லைனை சரண்டர் பண்ணிருவேன். எட்டு மணிக்கு நீ கட்டிங் டேபிள்ல நிக்கோணும்.”

ரித்தீஷ் தலையாட்டினான்.

பழனாயியின் கையிலிருந்த சட்னிக் கரண்டி நின்ற இடத்திலேயே நின்றது. லைனை சரண்டர் பண்ணிவிட்டால் டிரம்முக்குப் பின்னால் இருப்பது வெறும் பிளாஸ்டிக் டப்பா. எங்கேயோ ஓர் ஊரில் ஒரு பெண் நாலு மணிக்கு நம்பரை அழுத்துவாள். எங்கேயும் அடிக்காது.

“ஏனுங்க, லைன் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமுங்களே. அது என்ன சோறா கேக்குது?”

“உனக்கெதுக்கு லைனு? நீ யாருகிட்டப் பேசப்போற?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். “ஒண்ணுமில்லீங்க” என்றாள்.

*

கார் போன பிறகு வீடு அப்படியே அமுங்கிப் போனது.

மற்ற நாட்களில் கீழே ஓவர்லாக் தையல் மெஷின்களின் இரைச்சல் தரை வழியாக ஏறிக் காலில் துடிக்கும். செக்கிங் டேபிள் பெண்கள் சண்டை போடுவதும் சமாதானமாவதும் ஜன்னல் வழியாகக் கேட்கும். கேட்டுக்கொண்டே காய் அரிந்தால் யாரோடோ பேசிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் எல்லாம் டவுன் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். கம்பெனி வேன் ஷெட்டில் நிற்கும். குழாயில் சொட்டும் தண்ணீர்ச் சத்தம் ஹால்வரை வரும்.

பதினொரு மணிக்கு ரித்தீஷ் சமையலறைக்கு வந்தான். அவன் அங்கே வருவதே அபூர்வம். சாப்பாடுகூட மாடிக்குத்தான் போகும்.

“அம்மா, எனக்கொரு ஒத்தாசை பண்றீங்களா?”

பழனாயி அடுப்பை அணைத்தாள்.

அவன் மேடையில் சாய்ந்துகொண்டு, இதுவரை செய்ததையெல்லாம் சொன்னான். ஒயரை மாற்றிப் பார்த்தாயிற்று. மோடம் சூடாகிறதோ என்று பக்கத்தில் டேபிள் ஃபேன் வைத்துப் பார்த்தாயிற்று. தானாக டவுன்லோடு ஆகிறதையெல்லாம் நிறுத்தியாயிற்று. கம்ப்யூட்டரையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிப் பார்த்தாயிற்று. கம்பெனி மோட்டார்தான் லைனைக் கெடுக்கிறது என்று முதலில் நினைத்தானாம். ஆனால் நோட்டில் எழுதிவைத்த நேரங்களைப் பார்த்தால் கம்பெனி ஓடாத ஞாயிற்றுக்கிழமைதான் படுமோசம். அதிலும் நாலு மணிக்கு மேல் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திக்குகிறது. டெலிபோன் லைன்மேன் டேனியலை செல்லில் கூப்பிட்டிருக்கிறான். சர்ச்சுக்குப் போய்விட்டு, வீட்டில் விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை காத்திருக்க முடியாது.

“நம்ம ஊட்டுக்குள்ளயே ஏதோ ஒண்ணு லைனை இழுக்குதுங்மா. நான் மேல ஸ்கிரீனைப் பாத்துட்டே இருக்கறேன். நீங்க ஒவ்வொண்ணா சுவிட்ச் போட்டு நிறுத்துங்க. எது போட்டா திக்குதுன்னு பாத்தறலாம்.”

“ஸ்கிரீன்ல என்ன கண்ணு தெரியும்?”

அவளுக்கு விளங்கும்படி சொல்ல அவன் கொஞ்சம் யோசித்தான்.

“நாம ஒரு ஆளக் கூப்பிட்டுட்டே இருக்கறமுங்க. ஒவ்வொரு தடவையும் அக்கட்ட இருந்து ‘ஓய்’னு பதில் வரோணும். எவ்வளவு நேரத்துல வந்துச்சுன்னு காட்டும். வரலீன்னா வரலீன்னு காட்டும்.”

“எதனால வராது?”

“நாம கூப்பிட்டது போய்ச் சேந்திருக்காது. இல்லீன்னா, அவன் சொன்னது நம்மகிட்ட வந்து சேந்திருக்காது.”

“அந்த ஆளு வேணும்னே பதில் சொல்லாம இருந்தா?”

“அப்படியெல்லாம் இருக்காதுங்மா. கூப்பிட்டா பதில் சொல்லியே ஆகோணும், அப்படித்தான் அத வெச்சிருக்காங்க.”

பழனாயி அடுப்படித் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பத்து மாதமாகக் கேட்க நினைத்ததை, விளையாட்டுப் பேச்சு ஓடுகிற தைரியத்தில் கேட்டுவிட்டாள்.

“நெட்டு ஓடிட்டு இருக்கறப்ப வெளியில இருந்து யாராச்சும் போன் பண்ணினா, அடிக்குமா கண்ணு?”

மகன் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தான். குடித்து முடித்தான்.

“நம்ம ஊட்லதான் போனே இல்லியேம்மா. எதுக்குக் கேக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

அவளுடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. சுபஸ்ரீ காலேஜில் படித்தபோது இதே லைனில்தான் முதன்முதலாக இன்டர்நெட் வந்தது. மோடம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டுப் பிடிக்கும். மகள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் உட்கார்ந்தவரைக்கும் போன் எங்கேஜ்டு. சரக்கு வாங்குகிற பையர் கூப்பிட்டு லைன் கிடைக்கவில்லை என்று கிட்டுசாமி மாடிப்படியில் நின்று சத்தம் போடுவார். நெட் ஓடினால் போன் வராது. பழனாயி மனதில் பதிந்த பாடம் அது. காலம் மாறிவிட்டது, இப்போது இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் லைன் விட்டிருக்கிறதா, மகளுக்குக் கிடைக்குமா என்று அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

*

சோதனை ஆரம்பித்தது.

மகன் மாடியில், அவள் கீழே. நடுவில் மாடிப்படி வழியாகக் குரல் மட்டும் போய் வந்தது.

மிக்ஸி. ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜை நிறுத்திப் போட்டாள். ஒன்றுமில்லை. டிவி, ஹீட்டர், பூஜை அறை சீரியல் விளக்கு, பின்பக்கம் பொடக்காலித் தண்ணீர் மோட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் சொல்லிப் போடுவாள், மேலிருந்து “இதில்லீங்மா, அடுத்தது” என்று வரும். ஒருமுறை அவள் சொல்லாமலே பெட்ரூம் ஃபேனைப் போட்டுவிட்டாள். “அம்மா, திருட்டாட்டம் ஆடறீங்க, ஃபேன் சத்தம் இங்க கேக்குது” என்றான். இருவரும் சிரித்தார்கள். அவன் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. தினமும் ஹெட்போனுக்குள் முகம் தெரியாத நாலு பேரிடம் பேசுவதில் கால்வாசிகூட இவளிடம் பேசியதில்லை. இன்னும் பத்துச் சாமான் வீட்டில் இருந்திருக்கக் கூடாதா என்று பழனாயிக்கு இருந்தது.

கடைசியாக மிஞ்சியது கிரைண்டர். அது சாமான் அறையில் இருந்தது.

“கிரைண்டரு போடறேன் கண்ணு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சுவிட்சைத் தட்டினாள். கல் கடகடவென்று சுற்றியது. அந்தச் சத்தத்தில் வேறெதுவும் வெளியே கேட்காது. காலையில் போனை எடுத்துப் பார்த்ததுதான். இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. கை தானாக டிரம்முக்குப் பின்னால் போய் ரிசீவரை எடுத்தது.

“அம்மா, அதேதான். இப்ப என்ன போட்டீங்க?”

ரிசீவர் காதில் இருந்தது. ‘ங்ங்ங்’ என்ற சத்தம் ஒரு காதில், மகனின் குரல் இன்னொரு காதில். மெல்ல வைத்தாள்.

“கிரைண்டரு, கண்ணு.”

“நிறுத்திட்டு மறுபடி போடுங்க.”

நிறுத்தினாள். கிரைண்டரை மட்டும் போட்டாள். “போட்டாச்சுங்களா? ஒண்ணும் ஆகலியே” என்றான், குரலில் சுருதி இறங்கி. பழனாயி அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது ஒன்றும் செய்யாமல் விட்டால் டேனியல் வருவார். ஒயரைப் பிடித்துக்கொண்டே இந்தச் சுவர்வரைக்கும் வருவார். மகனுக்குத் தெரிந்துவிடும். ராத்திரிக்குள் கிட்டுசாமிக்கும் தெரிந்துவிடும்.

ரிசீவரைத் தூக்கினாள்.

“வந்துருச்சு. மொத்தமா நின்னு போச்சு. கிரைண்டர்தானுங்மா.” படிகளில் இரண்டிரண்டாக இறங்குகிற சத்தம் கேட்டது. அவள் ரிசீவரை வைத்து, வேஸ்ட் துணியை மூடித் திரும்புவதற்கும் அவன் வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. வந்தவன் அவளுடைய தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினான். கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி மேலே வைத்தான். “இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இத யாரும் தொடக்கூடாது. உங்களுக்குத்தான் சொல்றேன்.”

“தொடமாட்டேன் சாமி” என்றாள்.

*

மத்தியானம் முழுக்க நெட் ஓடியது. திக்கவே இல்லை. அவள் உள்ளே போகாததால் திக்கவில்லை.

அவன் சாப்பிடும்போதே மூன்று தடவை, ‘கிரைண்டர்னு நினைக்கவே இல்லைம்மா’ என்று சொல்லிவிட்டான். டேனியல் வரவேண்டாம் என்று சொல்ல செல்லில் கூப்பிட்டானாம். அவர் எடுக்கவில்லையாம். பழனாயி பாத்திரம் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

பத்து மாதமாக மகனை நாற்காலியைத் தள்ளிவிட்டு நிற்கவைத்தது அவள்தான். மகளுக்கு வழி விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, மகனுடைய வழியை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவனிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அவன் கோபப்படமாட்டான், ஒருவேளை. ஆனால் அப்பா ஒரு வார்த்தை உரக்கக் கேட்டால் அவனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

மூன்றே முக்கால். ரித்தீஷ் சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு மாடிக்குப் போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பழனாயி சாமான் அறைக்குள் போய், டிரம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எடுக்காமல் இருந்துவிடலாம். ஒரு மணி நேரம்தானே. ஆனால் எடுத்தாலே திக்குகிறதென்றால், மணி அடித்தாலும் திக்கத்தானே செய்யும்? இந்த ஞாயிறு மகள் கூப்பிட்டுவிட்டால்? பத்து மாதத்தில் வராதது இன்றைக்கு வந்துவிட்டால்? திக்கினால் அவன் தோற்பான். தோற்றால் நாளைக்கு லைனே இருக்காது. அப்புறம் எந்த ஞாயிறும் இல்லை.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம். சுவர்ப் பிளக்கிலிருந்து போன் ஒயரைப் பிடுங்கினாள்.

ஒயரின் முனையைக் கைக்குள் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஹால் கடிகாரம் நாலு அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் மனதுக்குள் மகளிடம், இந்த ஒரு வாரம் மட்டும் கண்ணு, இந்த ஒரு வாரம் மட்டும், என்றாள். மாடியிலிருந்து மகன் யாருக்கோ இடது பக்கம், இடது பக்கம் என்று சொல்லுவது கேட்டது. நாற்காலி விழவில்லை.

நாலே காலுக்கு வாசல் கதவைத் தட்டினார்கள்.

டேனியல் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வந்திருந்தார், தோளில் மட்டும் லைன்மேன் பை. முப்பத்தைந்து வயதிருக்கும். இந்தத் தெருவில் எல்லா வீட்டுச் சுவரும் அவருக்குத் தெரியும். கிரைண்டரால் திக்கியதாம், சரியாகிவிட்டதாம் என்று பழனாயி வாசலிலேயே சொல்லி அனுப்பப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றினார்.

“கிரைண்டர் அப்படியெல்லாம் பண்ணாதுங்க அக்கா. ஊட்டுக்குள்ள எங்கியோ இன்னொரு போனு இருந்தாத்தான் இப்படி ஆகும். எடுக்கறப்ப எல்லாம் நெட்டு விழும்.”

சொல்லிக்கொண்டே ஒயரைக் கண்ணால் பிடித்தார். ஹால் சுவர், மூலை, கதவு நிலைக்கு மேலே, சாமான் அறை. பழனாயி பின்னாலேயே போனாள். அவர் டிரம்முக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். பனியன் வேஸ்ட்டைப் பார்த்தார். அதற்குள்ளிருந்த போனைப் பார்த்தார். பிடுங்கிக் கிடந்த ஒயரைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

மகள் போனது தெருவுக்கே தெரியும்.

“தம்பிக்குத் தெரியாதுங்களா?”

“தெரியாதுங்க. அவருக்கும் தெரியாது.” வேஸ்ட் துணியை இழுத்துப் போனை மூடினாள். “நீங்க சொல்லிப்போடாதீங்க.”

டேனியல் பையைத் துழாவி, தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தார். அதைச் சுவர்ப் பிளக்கில் செருகினார். அதன் மறுபக்கத்தில் போன் ஒயரைச் செருகினார். இந்த ஒரு டப்பா இல்லாததுதான் அத்தனை கோளாறுக்கும் காரணம் என்றும், இனி போன் எடுத்தாலும் அடித்தாலும் நெட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றும், நெட் ஓடினாலும் போனுக்கு ஒன்றும் ஆகாது என்றும் தாழ்ந்த குரலில் விளக்கினார்.

“ரெண்டும் ஒரே நேரத்துல வருமுங்களா?”

“எப்பவுமே வருமுங்க அக்கா. எடுத்துப் பாருங்க.”

அவள் எடுத்தாள். ‘ங்ங்ங்’ என்று கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடியைக் கவனித்தாள். மகனின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு திக்கலும் இல்லாமல், வேகமாக, சந்தோஷமாக. அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

பழனாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் கூப்பிட்டுக் கிடைக்காமல் போன பிள்ளை இனியாவது கிடைப்பாள். அவளுக்கு இன்னும் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. வெளியிலிருந்து கூப்பிட்டால் உண்மையாகவே அடிக்கிறதா என்று ஒருதரம் காதால் கேட்டுவிட வேண்டும்.

“உங்க செல்லுல இருந்து ஒருக்கா கூப்பிட்டுப் பாக்கறீங்களா?”

அவர் செல்லை எடுத்தார். அவள் நம்பரைச் சொன்னாள். மகள் பள்ளிக்கூட டைரியில் முதல் பக்கத்தில் எழுதிவைத்த அதே நம்பர், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். சொல்லச் சொல்ல டேனியலின் விரல் அழுத்திக்கொண்டு வந்தது. கடைசி இரண்டு எண்ணில் விரல் தயங்கியது. இருந்தாலும் அழுத்தினார்.

இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அடிக்கவில்லை. டேனியலின் செல்லுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை, தயவுசெய்து சரிபார்க்கவும் என்று சொல்லத் தொடங்கியது. அவர் அதை அணைத்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாடியில் கதவு திறந்தது. “அம்மா, ஜெயிச்சுட்டோம்” என்றபடி படியிறங்கும் காலடிகள்.

“அக்கா, நெட்டு குடுத்த அன்னிக்கே இந்த லைனோட நம்பரை மாத்தியாச்சுங்களே. ‘நம்பரை மாத்தினாத்தான் அப்பா நெட்டு போட்டுத் தருவேங்கறாரு’ன்னு சொல்லி, ரித்தீஷ் தம்பிதானுங்க லெட்டரைக் கொண்டாந்து என் கையில குடுத்துச்சு.”